தீப்பெட்டியும் தாடை எலும்பும்



போன வாரம் கடைவாய்ப்பல் பிடுங்க விருதுநகரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே, "எலும்பு பலவீனத்துக்கு மாத்திரை, ஊசி ஏதும் எடுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பல்லுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றதற்கு, "அந்தக் காலத்துத் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு வந்த நோய் மாதிரிம்மா" என்றார். வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன்.

19ஆம் நூற்றாண்டில் தீக்குச்சித் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். அதன் புகையைச் சுவாசித்தவர்களுக்கு முதலில் சாதாரணப் பல்வலிதான் வரும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் வைத்து, தாடை எலும்பே செத்துப்போகும். 1845இல் வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தார். செத்த எலும்பை வெட்டி எடுப்பதுதான் வைத்தியம்.

1888இல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் நிலையைப் பத்திரிகையில் எழுதியது யார் தெரியுமா? நம்ம அடையாறு அன்னி பெசன்ட் அம்மையார்தான்! (அவர் இந்தியா வந்தது 1893இல்.) கூலியும் அபராதமும்தான் அன்றைய பெரிய சண்டை. ஆனாலும் சாப்பிடத் தனி அறை கேட்டு வாங்கினார்கள். அதுவரை பாஸ்பரஸ் புகைக்கு நடுவே ரொட்டி தின்றவர்கள்.

பல்வலி என்றால் வேலை போய்விடும் என்று பலர் மறைத்தார்கள். கம்பெனியும் மறைத்தது. நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காததற்கு 1898இல் அபராதம் கட்டியது. மறு வருடம் வந்த அரசு அறிக்கையை எழுதிய மூவரில் ஒருவரான ஜார்ஜ் கன்னிங்ஹாம் பல் மருத்துவர்.

1906இல் பெர்ன் நகரில் தடை ஒப்பந்தம் ஆனது. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுச் சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கியது 1923இல். சட்டம் பத்து வருடம் முந்திக்கொண்டது. நம் பெட்டியின் பக்கத்தில் தடவுவது சிவப்புப் பாஸ்பரஸ், அது இந்த நோயைத் தராது. (தீக்காயமும் வெடிவிபத்தும் நம்மை விடவில்லை. அதை இன்று எழுத மனம் வரவில்லை.)

என் அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். குரோஸ் கணக்கில் கூலி. பல்வலி வந்தால் கிராம்பைக் கடித்துக்கொண்டே ஒட்டுவார். ஐம்பது வயதில் வாயில் பல்லே இல்லை. தாடையாவது மிஞ்சியதே என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

டாக்டர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை நிபுணர், பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுத்த சிலருக்கும் இப்படித் தாடை எலும்பு செத்துப்போவதை எழுதினார். புற்றுநோய்க்கு ஊசியாகப் போடுபவர்களுக்குத்தான் அதிகம். எலும்பு வலுவுக்கு எடுப்பவர்களுக்கு அபூர்வம். பயந்துபோய் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், போதும்.

மதுரை மதினி, இது உங்களுக்குத்தான். போன தீபாவளிக்கு ஊசி போட்டதாகச் சொன்னீர்களே.