மரத்தூளும் சாக்கும் காத்த ஐஸ்கட்டி

நம் சங்கத்து மூத்தவர்களில் பலர் இந்த ஊரில் சிறு கடையில் தொழில் தொடங்கியவர்கள். சர்பத் கடை வைத்திருந்த என் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். காலையில் வந்திறங்கும் ஐஸ்கட்டி இரவுவரை தாங்கினால் லாபம். மாலைக்குள் கரைந்துவிட்டால் இன்னொரு கட்டிக்குக் கைக்காசு போகும். ஐஸைக் காக்கும் அந்தத் தொழிலறிவுக்கு நீண்ட வரலாறு உண்டு.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் ஐஸை வெட்டி எடுத்து வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் ஐஸுடன் புறப்பட்டது. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸுக்காகக் கட்டப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அறுவை ஆலைகளில் கழிவாகக் கிடந்த மரத்தூள்தான் இந்த வணிகத்தையே தாங்கியது.

சிங்கப்பூரில் 'வாம்போ' என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே, 1854இல் கில்பர்ட் ஆங்கஸுடன் சேர்ந்து ஆற்றங்கரைக்கு அருகே ஐஸ் கிடங்கு அமைத்தார். பாஸ்டன் ஐஸ் வந்தது. வாங்கத்தான் போதிய ஆளில்லை. தொழில் நிலைக்கவில்லை. பிறகு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரான பின்புதான் அது சாமானியர் கைக்கு எட்டியது.

ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருகத் தேவைப்படும் வெப்பம், அதே அளவு நீரை 0 பாகையிலிருந்து 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது. அந்த வெப்பம் மெதுவாக நுழையும்படி செய்தால் போதும். மரத்தூளின் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்று அதைத்தான் செய்கிறது. தூள் நனைந்துவிட்டால் பயனில்லை. காற்று நின்ற இடத்தில் நீர் புகுந்து வெப்பத்தை உள்ளே கடத்திவிடும்.

பாலிடெக்னிக்கில் நான் இதைப் பாடமாகப் படித்தேன். பாட்டனார் பள்ளிக்கூடம் போகாதவர். "ஐஸுக்குக் காத்தும் ஆகாது, தண்ணியும் ஆகாது" என்பார். கட்டியை மரச்சட்டத்தின் மேல் வைத்து, உருகும் நீர் கீழே வடிய வழிவிடுவார். மரத்தூளைக் கனமாகப் போட்டு, சாக்கால் சுற்றுவார். நனைந்த சாக்கை வெயிலில் காயப்போட்டு, உலர்ந்ததை மாற்றுவார். தேவையான துண்டை மட்டும் உடைத்து, கழுவிவிட்டுச் சீவுவார்.

இன்று நான் உறைந்த மீன் வியாபாரம் செய்கிறேன். மரத்தூளுக்குப் பதில் நுரைப்பெட்டி. உள்ளே காப்பது அதே அசையாத காற்றுதான்.

பாட்டனாரிடம் கேட்க நினைத்த பலவற்றை நான் கேட்காமலே விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் அப்படிக் கடை நடத்திய பெரியவர் இருந்தால், இந்த மலரை வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.