ஃபரித்பூர் வழக்கறிஞர்: அம்பிகா சரண் மஜும்தாரும் மாவட்ட நகரத்து அரசியலும்

இந்திய தேசிய காங்கிரசின் தொடக்க காலத்தைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாநகரங்களைச் சுற்றியே நிற்கின்றன. ஆனால் அந்த அமைப்பை ஆண்டு முழுவதும் உயிர்ப்புடன் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மாவட்ட நீதிமன்றங்களில் வாதாடிய வழக்கறிஞர்களே. அவர்களுள் ஒருவர் கிழக்கு வங்காளத்தின் ஃபரித்பூரைச் சேர்ந்த அம்பிகா சரண் மஜும்தார்.

அவர் முதலில் ஆசிரியர். கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்தியாசாகர் நடத்திய மெட்ரோபாலிடன் கல்வி நிறுவனத்தில் பாடம் சொன்னார். குடிமைப் பணியிலிருந்து நீக்கப்பட்ட சுரேந்திரநாத் பானர்ஜியும் அங்கே கற்பித்தவர்தாம். பின்னர்ச் சட்டம் பயின்ற மஜும்தார், மாநகரில் தங்காமல் 1879இல் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பித் தொழில் தொடங்கினார்.

இந்தத் திரும்புதலுக்குப் பின்னால் ஒரு சமூக அமைப்பு இருந்தது. நிலையான நிலவரித் திட்டம் ஜமீன்தார், இடைத்தரகர், குடியானவர் என அடுக்கடுக்கான உரிமைகளை உருவாக்கியது. அவற்றிலிருந்து எழுந்த வாரம், எல்லை, வாரிசுரிமை வழக்குகள் மாவட்ட வழக்கறிஞருக்கு வருவாயையும் செல்வாக்கையும் தந்தன. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ஒட்டி விரிவடைந்த உள்ளாட்சி அமைப்புகள் அச்செல்வாக்கைப் பொதுவாழ்வாக மாற்றின. மஜும்தார் ஃபரித்பூர் நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றினார்.

1915இல் அவர் எழுதிய 'இந்தியன் நேஷனல் எவல்யூஷன்' என்னும் காங்கிரஸ் வரலாற்றை வெளியிட்டது சென்னையின் ஜி. ஏ. நடேசன் நிறுவனம். வங்காளத்து மாவட்ட நகரம் ஒன்றில் வாழ்ந்தவரின் நூல் சென்னையில் அச்சானது என்பது, அன்றைய மிதவாதிகளின் அறிவுலகம் மாகாண எல்லைகளைக் கடந்திருந்தமைக்குச் சான்றாகும். இருபது ஆண்டுகள் கழித்துப் புகழ்பெற்ற காங்கிரஸ் வரலாற்றை எழுதிய பட்டாபி சீதாராமையாவும் மசூலிப்பட்டினத்தில் தொழில் நடத்திய மருத்துவரே.

1916 டிசம்பரில் லக்னோவில் கூடிய காங்கிரசுக்கு மஜும்தார் தலைமை தாங்கினார். 1907இல் சூரத்தில் பிளவுபட்ட மிதவாதிகளும் தீவிரவாதிகளும் அங்கே மீண்டும் ஒன்றாக அமர்ந்தனர். முஸ்லிம் லீக்குடனான ஒப்பந்தமும் அங்கேயே ஏற்கப்பட்டது. ஆனால் அவ்வொப்பந்தம், மக்கள்தொகையில் முஸ்லிம்கள் பாதிக்கு மேல் இருந்த வங்காளத்தில், தேர்ந்தெடுக்கப்படும் இந்திய உறுப்பினர் இடங்களில் அவர்களுக்கு 40 விழுக்காட்டையே ஒதுக்கியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாவட்டத்திலிருந்து வந்தவர் தலைமையேற்ற அவையில் இது நிகழ்ந்தது. மாவட்ட வழக்கறிஞரின் அரசியல் ஊருக்கு நெருக்கமானது என்று கொண்டாடும்போது, அந்த நெருக்கம் யாருடன் இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்ப வேண்டும். நிலவுடைமையாளரும் படித்த நடுத்தர வர்க்கமும் அந்த வட்டத்தின் மையம். குடியானவர் பெரும்பாலும் அதன் விளிம்பு.

அதே லக்னோ மாநாட்டுக்குத்தான் சம்பாரணிலிருந்து ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்தியைத் தேடி வந்தார். அவரை அன்று அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். ஆயினும் அடுத்த கட்ட அரசியல் அவர் வழியாகவே வந்தது. 1920இல் ஒத்துழையாமை இயக்கம் வழக்கறிஞர்களை நீதிமன்றத்தை விட்டு வெளியேறச் சொன்னபோது, மனுவையும் வாதத்தையும் நம்பிய மஜும்தாரின் தலைமுறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1922இல் அவர் காலமானார்.

அவருடைய அரசியலைக் காட்டிலும் நீடித்து நிற்பது 1918இல் ஃபரித்பூரில் அவர் முன்னின்று தொடங்கிய ராஜேந்திரா கல்லூரி. இன்று வங்கதேசத்தில் அரசுக் கல்லூரியாக அது இயங்குகிறது. அவருடைய காலத்துப் பேரவைகளில் இடம்பெறாத குடியானவர்களின் வழித்தோன்றல்களும் அங்கே பயில்கின்றனர். வகுப்பறையை விட்டு நீதிமன்றம் சென்றவர் இறுதியில் ஊருக்கு விட்டுச் சென்றதும் வகுப்பறையையே.