முழந்தாளிட்ட பெற்றோர்

பெல்ஜியம் நாட்டில் விளாட்ஸ்லோ என்னுமிடத்தில் ஜெர்மானியப் போர்வீரர் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் மடிந்த 25,000க்கும் மேற்பட்டோர் ஓக் மரநிழலில் அங்கே துயில்கின்றனர். தோட்டத்தின் கோடியில் இரு கற்சிலைகள். ஒரு தந்தை, ஒரு தாய், இருவரும் முழந்தாளிட்டிருக்கின்றனர். வாளில்லை, கொடியில்லை, வெற்றி முழக்கமும் இல்லை.

இவற்றைப் படைத்தவர் கேத்தே கோல்விட்ஸ் என்னும் பெர்லின் நகரக் கலைஞர். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் அவருடைய இளைய மகன் பீட்டர் படையில் சேரத் துடித்தான். வயது 18தான், தந்தையின் ஒப்புதல் தேவைப்பட்டது. தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவராயிருந்த தந்தை கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசி அவரை இணங்க வைத்தவர் தாயே. அக்டோபரில் டிக்ஸ்முய்டே அருகே பீட்டர் வீழ்ந்தான்.

அவ்வாண்டு டிசம்பரிலேயே நினைவுச்சின்னம் எழுப்பத் தாய் உறுதிபூண்டார். நீட்டிக் கிடக்கும் மகன், தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய் என்பதே முதல் எண்ணம். 1919இல் அதைக் கைவிட்டார். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்கியபோது மகனின் உருவம் இல்லை. பெற்றோர் மட்டுமே எஞ்சினர். 1932இல் பீட்டர் அடக்கம் செய்யப்பட்டிருந்த தோட்டத்தில் சிலைகள் நிறுவப்பட்டன. 1950களில் கல்லறைகள் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டபோது அவையும் உடன் சென்றன.

மகனை மடியில் ஏந்திய வியாகுல மாதாவைக் கண்டு பழகிய நமக்கு, இந்தத் தாயின் வெறுமை புதிது. அவள் குனிந்து தன்னைத்தானே போர்த்திக்கொள்கிறாள். தந்தையோ கைகளால் தன் மார்பை இறுக்கி நிமிர்ந்திருக்கிறார். அந்த முகங்கள் கார்லும் கேத்தேயுமே. ஒருவரையொருவர் தொடவில்லை, தனித்தனிப் பீடங்கள். அன்று கேட்டுப் பெற்ற அந்த ஒப்புதல்தான் இந்த இடைவெளியில் நிற்கிறதோ என்று எனக்குத் தோன்றும். கலைஞர் அவ்வாறு கருதினாரா என்பது வேறு.

1942இல் ரஷ்யப் போர்முனையில் அவருடைய பேரன் மாண்டான். அவன் பெயரும் பீட்டரே. கேத்தே 1945 ஏப்ரலில், போர் முடியச் சில நாள்களே இருக்கையில் இறந்தார். குண்டுவீச்சில் இடிந்த கொலோன் நகரின் புனித ஆல்பன் ஆலயத்தில், கூரையற்ற சுவர்களுக்குள் இச்சிலைகளின் படிகள் இன்று முழந்தாளிட்டுள்ளன.

விளாட்ஸ்லோவில், தந்தையின் சிலைக்கு முன்னே தரையில் பதித்த கல்லொன்றில், வேறு பல இளைஞரின் பெயர்களுக்கு நடுவே பீட்டரின் பெயர் இருக்கிறது.