புரோக்கன் ஹில் சுரங்க நகரம்: வரலாறும் காண வேண்டிய இடங்களும்

புரோக்கன் ஹில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், வறண்ட உட்பகுதியில் அமைந்த சுரங்க நகரம். சிட்னியிலிருந்து சாலைவழியே 1,100 கிலோமீட்டருக்கும் அதிகம்; அண்டை மாநிலத் தலைநகரான அடிலெய்டு ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான். ஊரின் கடிகாரங்களும் சிட்னியை விட அரை மணி பின்தங்கி, அடிலெய்டு நேரத்தையே காட்டுகின்றன. பெயரின் பொருள் 'உடைந்த குன்று'. அந்தக் குன்றைத் தேடி வருபவர் ஏமாறுவார். வெள்ளி, ஈயம், துத்தநாகத்துக்காக அது வெட்டியெடுக்கப்பட்டுவிட்டது. இன்று நகரின் நடுவே கரிய மேடாக நிற்பது சுரங்கக் கழிவு.

தோற்றம்

இது வில்யாகாலி பழங்குடி மக்களின் நிலம். 1883இல், மவுண்ட் கிப்ஸ் என்ற ஆட்டுப்பண்ணையின் எல்லைக் காவலராக இருந்த ஜெர்மானியர் சார்லஸ் ராஸ்ப், குன்றின் கரும்பாறையில் வெள்ளீயம் இருப்பதாக எண்ணி அந்த இடத்துக்கு உரிமை கோரினார். பண்ணையைச் சேர்ந்த எழுவர் கூட்டாகப் பணம் போட்டனர். கிடைத்தது வெள்ளீயம் அல்ல, வெள்ளியும் ஈயமும். 1885இல் அவர்கள் தொடங்கிய 'புரோக்கன் ஹில் புரொப்ரைட்டரி' நிறுவனமே பின்னாளில் உலகப் பெரும் சுரங்க நிறுவனங்களுள் ஒன்றான பி.எச்.பி. ஆயிற்று. அது 1939இல் இவ்வூரை விட்டு வெளியேறியது. பெயரை மட்டும் கொண்டுசென்றது.

நகரின் தெருப்பெயர்களே ஒரு வேதியியல் பட்டியல்: ஆர்ஜென்ட், குளோரைடு, ஆக்சைடு, சல்பைடு, அயோடைடு. பள்ளிப் பாடங்களில் வரும் நுரை மிதப்பு முறை, தொழில் அளவில் வளர்ந்த இடங்களுள் முக்கியமானதும் இதுவே. கழிவு என்று குவிக்கப்பட்டிருந்த மண்ணிலிருந்து துத்தநாகத்தைப் பிரித்தெடுக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அந்த முறை பயன்பட்டது.

தொழிலாளர் நினைவிடங்கள்

கழிவு மேட்டின் உச்சியில் 2001இல் திறக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர் நினைவுச்சின்னம் உள்ளது. இந்நகரில் ஒரே ஓர் இடத்தைத்தான் காண நேரம் உண்டு என்றால், அது இதுவாக இருக்க வேண்டும். சுரங்கங்களில் இறந்த 800க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஆண்டுவாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெயருடன் இறப்பின் காரணமும் சேர்ந்தே இருக்கிறது: பாறை சரிந்து, வெடியில் சிக்கி, குழியில் விழுந்து. ஈய நஞ்சாலும் நுரையீரலில் படிந்த தூசியாலும் வீட்டுப் படுக்கையில் மெல்ல இறந்தவர்களின் கணக்கு எளிதில் எழுதிவிடக் கூடியதன்று.

அந்த இறப்புகளே ஊரின் அரசியலையும் வடித்தன. 1892, 1909 ஆண்டுகளின் போராட்டங்களில் தொழிலாளர்கள் தோற்றனர். தலைவர்கள் சிறை சென்றனர். 1919 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ 18 மாதங்கள் நீடித்தது. குடும்பங்கள் பட்டினியைத் தாங்கின. முடிவில் நிலத்தடித் தொழிலாளர்க்கு வாரம் 35 மணி நேர வேலை கிடைத்தது. அக்காலத்தில் அது மிக அரிய வெற்றி. 1905இல் கட்டி முடிக்கப்பட்ட தொழிற்சங்க மாளிகை இன்றும் சல்பைடு தெருவில் நிற்கிறது.

ஒட்டகக்காரர்களின் பள்ளிவாசல்

ரயில் எட்டாத இடங்களுக்குச் சரக்குச் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். ஊரார் எல்லாரையும் 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். நகருக்கு வெளியே அவர்களின் முகாம் இருந்த இடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய தகரப் பள்ளிவாசல் இன்று சிறு அருங்காட்சியகம்.

1915 ஜனவரி 1 அன்று, சில்வர்டனுக்குச் சுற்றுலா சென்றவர்களை ஏற்றிய திறந்த பெட்டி ரயிலை நோக்கி இருவர் துப்பாக்கியால் சுட்டனர். ஒருவர் முல்லா அப்துல்லா, மற்றவர் பனிக்கூழ் விற்ற குல் முகமது. உலகப்போர் காலம், துருக்கிச் சுல்தானுக்காகச் சுட்டதாக அவர்கள் எழுதி வைத்திருந்தனர். உரிமமின்றி இறைச்சி வெட்டியதாகத் தண்டம் விதிக்கப்பட்ட மனக்குறையும் அப்துல்லாவுக்கு இருந்தது. நால்வர் இறந்தனர், சுட்ட இருவரும் கொல்லப்பட்டனர். அன்றிரவு கும்பல் ஜெர்மானியர் சங்கக் கட்டடத்தைத் தீயிட்டது. சம்பவத்தில் ஒரு ஜெர்மானியருக்கும் தொடர்பில்லை. ஒட்டக முகாமை நோக்கிச் சென்றவர்களைக் காவலர்கள் தடுத்தனர். மோதல் நடந்த வெண்பாறைகளருகே பனிக்கூழ் வண்டியின் மாதிரி வைக்கப்பட்டுள்ளது.

சில்வர்டனும் சுற்றுப்புறமும்

ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த சில்வர்டன், புரோக்கன் ஹில் வளர்ந்ததும் காலியானது. வீடுகளையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இன்று மதுவிடுதியும் பழைய சிறை அருங்காட்சியகமும் மிச்சம். 'மேட் மேக்ஸ் 2' திரைப்படத்தின் காட்சிகள் இப்பகுதியில்தான் எடுக்கப்பட்டன. அருகிலுள்ள டேட்ரீம் சுரங்கத்தில், தலைவிளக்குடன் குனிந்து இறங்கி, 1880களில் கைக்கருவிகளால் வெட்டிய தாழ்வான வழிகளைக் காணலாம். நகருக்கு வடக்கே குன்றின் மேல், பல நாட்டுச் சிற்பிகள் 1993இல் செதுக்கிய 12 மணற்கல் சிற்பங்கள் உள்ளன. மாலையில் செல்வது நல்லது. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓவியரான புரோ ஹார்ட்டின் கூடமும் ஊருக்குள் இருக்கிறது.

பயணிகள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோவது நகரைச் சுற்றியுள்ள புதர்க்காட்டை. சுரங்கத் தூண்களுக்கும் விறகுக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. மிஞ்சியதை ஆடுகளும் முயல்களும் மேய்ந்தன. மணற்புயல் வீடுகளை மூடியது. சுரங்க நிறுவனத்தில் தாதுச் சோதனையாளராக இருந்த ஆல்பர்ட் மோரிஸ், வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்தால் மண்ணில் கிடக்கும் விதைகள் தாமே முளைக்கும் என்று வாதிட்டார். 1936இல் முதல் வேலி போடப்பட்டது. 1939இல் மோரிஸ் இறக்கும்போது உள்ளே செடிகள் தழைத்திருந்தன. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் முழு நகரமாக இடம்பெற்ற முதல் ஊர் புரோக்கன் ஹில். அந்த வேலிகளுக்குள் இன்று நடைபாதைகள் செல்கின்றன.