குட்டியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகளுள் எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதை, வாங்க வருபவரின் கண்ணுக்கு விடாமல், அவற்றைப் பிறந்தது முதல் பார்த்துவந்த வளர்ப்பாளரே முடிவு செய்யும் வழக்கத்திற்கு அறிவியல் துணை கிடைத்தது, அமெரிக்காவின் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில்தான். 1942இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பெற்ற, பார்வையற்றோருக்கு நாய்களைப் பழக்கித் தரும் பள்ளியொன்றில், நன்கொடையாக வந்த நாய்களுள் பல பயிற்சியில் தேறாமற்போகவே, கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் என்பவர் குட்டிப் பருவத்திலேயே குணத்தைச் சோதிக்க முற்பட்டார். முன்பின் அறியாத ஒருவர் பந்தை உருட்டிவிட, குட்டி அதைக் கவ்வி அவரிடமே மீள்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனைக்கு அவர் பெருமதிப்பு அளித்தார். மனிதரோடு இணைந்து வேலை செய்யும் விருப்பம் அதில் வெளிப்படுவதாகக் கருதினார்.

மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களை வைத்து நடத்திய நீண்ட ஆய்வு, 1965இல் நூலாக வெளிவந்தது. மனிதரோடு பழகும் இயல்பு ஏறத்தாழ 3 முதல் 12 வாரங்களுக்குள் வேரூன்றுகிறது என்பது அவர்கள் கண்ட முக்கிய முடிவு. இக்காலத்தின் பெரும்பகுதி வளர்ப்பாளரின் பொறுப்பில் கழிவதால், வாங்க வருபவர் ஒரு மணி நேரம் பார்த்து, தம்மிடம் ஓடிவந்த குட்டியைத் தேர்ந்தெடுப்பதைவிட வளர்ப்பாளரின் சொல்லே நம்பத்தக்கது எனலாம். எனினும் எட்டாம் வாரத்தில் ஒரே ஒருமுறை செய்யும் சோதனை வளர்ந்த நாயின் குணத்தைச் சரிவர முன்னறிவிப்பதில்லை என்று 1998இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது. வளர்ப்பாளரின் பலமோ, நாள்தோறும் தொடரும் கவனிப்பு.