முப்பது வருடம் தாமதமான ஒரு பதில்: கடைசல் மரமும் கருங்கோடும்

கூடலூரில் மழை விட்டபாடில்லை. வெளியே போக வழியில்லாததால் இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏழாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் மழையில் கிடந்த மாமரக் கிளைத் துண்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தான். பாதி உளுத்தது. வெட்டிய முகத்தில் யாரோ மையால் வரைந்ததுபோல் மெல்லிய கருங்கோடுகள். "சார், இந்தக் கோட்டை யாரு சார் போட்டது?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. "குப்பையை வெளியே போட்டுவிட்டு வா" என்று சொல்லி, அந்தப் பாடவேளை முழுக்க அவனை நிற்கவைத்தேன்.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்கு வந்தான். மைசூர்ப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் வேலை. துணியில் சுற்றிய மரக்கிண்ணம் ஒன்றை என் கையில் கொடுத்தான். மாமரம்தான். வெளிறிய மரத்தில் கருங்கோடுகள் மலைப்பாதை வரைபடம்போல் வளைந்து வளைந்து ஓடின. அவன் பழைய கதையை எடுக்கவே இல்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு படித்தவற்றையும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து எழுதுவதுதான் இது.

முதலில் நம் சொல்லைப் பாருங்கள். தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பார்களே, பழைய கடைசல் பொறியும் அதேதான். இரண்டு கூரான முனைகளுக்கு நடுவே மரத்தைப் பிடித்து, அதில் கயிற்றைச் சுற்றி, ஓர் ஆள் முன்னும் பின்னும் இழுப்பார். தனியாக வேலை செய்பவர் வில்லின் நாணைச் சுற்றி இழுப்பார். மரம் தன் பக்கமாகச் சுழலும் நேரத்தில் மட்டும் உளி வெட்டும். எதிர்ப்பக்கம் சுழலும்போது உளியை லேசாக விலக்கிக்கொள்ள வேண்டும். இப்படி விட்டு விட்டு வெட்டுகிற, மனித பலத்தில் ஓடுகிற பொறிக்குக் காய்ந்த மரம் பெரும்பாடு. அதனால் கிண்ணம் கடைந்த பழைய கைகள் பச்சை மரத்தையே தேடின. ஈர மரம் வெண்ணெய்போல் வெட்டுப்படும், சீவல் நாடாவாக உருண்டு வரும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்றொரு கடைசல்காரர் இருந்தார். வளையும் கம்பு ஒன்றில் கயிறு கட்டி, காலால் மிதித்து ஓட்டும் பொறி அவருடையது. எல்ம் மரக்கட்டை ஒன்றிலிருந்தே, வளைந்த கத்தியால் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பல கிண்ணங்களை எடுப்பார். வெங்காயத்தை உரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958இல் அவர் காலமானபோது அந்தத் தொழிலை எடுத்துச் செய்ய வாரிசு இல்லை. அவருடைய பொறி ரெடிங் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மறுபடி கற்றுக்கொண்டார்கள்.

பச்சை மரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் இருக்கும் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மரம் சுருங்காது. அதற்குப் பிறகு சுருங்கத் தொடங்கும், ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கமே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் முழு உருளையாக விட்ட மரம் வெடிக்கிறது. கட்டையை இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை நீக்கிவிட்டுத்தான் கிண்ணத்துக்கு எடுக்க வேண்டும். பிறகு இரண்டு வழி. ஒன்று, மெல்லிசாக ஒரே தடவையில் கடைந்துவிட்டு அது இஷ்டப்படி வளையட்டும் என்று விடுவது. மற்றது, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலம் விட்டு, அரைகுறையாகக் கடைந்து, அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் பல மாதம் வைப்பது. அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின் மறுபடி பொறியில் ஏற்றி வட்டமாக்குவது. என் மாணவன் இரண்டாவது கட்சி.

இதற்கு நேர் எதிர்வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மைசூரைத் தாண்டி பெங்களூரு சாலையில் சென்னப்பட்டணம். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்ததாக ஊரில் சொல்வார்கள். அங்கே பொம்மைக்கு எடுப்பது கன்னடத்தில் ஆலெ மரம், நம் வெட்பாலை. தந்தம்போல் வெளுத்த, ரேகையே தெரியாத மரம். அதை நன்றாகக் காயவைத்துக் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். அதன்மேல் தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு. ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் இதே மரம், இதே அரக்கு. நம் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் இந்தக் குடும்பம்தான். என் அக்கா தங்கைகள் அதற்கு அடித்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரிந்த வரலாறு. அரக்குப் பூசுகிறவருக்கு மரம் வெள்ளைத் தாள். கறையோ கோடோ இருந்தால் அது கழிவு. அன்று வகுப்பில் நான் பேசியதும் அந்தக் கணக்குத்தான்.

சரி, கோட்டுக்கு வருகிறேன். நான் தாவரவியல் படித்தவன் அல்ல, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். தவறிருந்தால் தாவரவியல் படித்த என் பிள்ளைகள் திருத்துங்கள். விழுந்த மரம் ஈரத்தில் கிடக்கும்போது காளான் இனப் பூஞ்சைகள் உள்ளே புகுகின்றன. சில பூஞ்சைகள் மரத்தின் லிக்னின் என்ற கட்டுப்பொருளைத் தின்று மரத்தை வெளுக்கவைக்கும். ஒரு பூஞ்சையின் எல்லையும் இன்னொன்றின் எல்லையும் முட்டும் இடத்தில் இரண்டும் கறுத்த சுவர் எழுப்பும். நம் உடம்புத் தோலைக் கறுப்பாக்கும் மெலனின்தான் அந்தக் கறுப்புக்கும் பெரும்பாலும் காரணம். நாம் பார்க்கும் கோடு, வெட்டிய இடத்தில் தெரியும் அந்தச் சுவரின் விளிம்பு. ஆக, கோடு போட்டது பூஞ்சை, அதுவும் வேலித் தகராறில். 1969இல் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும் பட்டாவுக்கு இன்னும் அலைகிற கூடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பூஞ்சை யாருக்கும் மனுப் போடாமல் தானே அளந்து கோடு போட்டுவிடுகிறது.

இந்தக் கறையை மனிதர் மதித்ததும் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், பலநிற மரத்துண்டுகளைப் பதித்துச் சித்திரம் செய்தவர்கள், பச்சை நிறத்துக்குச் சாயம் தேடாமல் ஒருவகைப் பூஞ்சை ஏறிப் பச்சையான மரத்தையே பதித்தார்கள். கிண்ணத்துக்குக் கருங்கோட்டு மரம் என்பதை 1970களில் அமெரிக்காவில் மெல்வின் லிண்ட்குவிஸ்ட், மார்க் லிண்ட்குவிஸ்ட் என்ற தந்தையும் மகனும் பிரபலமாக்கினார்கள். விறகுக்கும் ஆகாதென்று ஒதுக்கிய மரம் அதன்பிறகு கலைக்கூடங்களுக்குப் போனது.

நேரம்தான் இதில் எல்லாம். சீக்கிரம் எடுத்தால் கோடு விழுந்திருக்காது, தாமதித்தால் மரம் பஞ்சாகி உளியில் பிய்ந்துவரும். நம் ஊர் மழைக்கு எத்தனை மாதம் என்று அவனிடம் கேட்டேன். "மரத்துக்கு மரம் மாறும் சார், கட்டையைத் தட்டிப் பார்த்தா சத்தம் சொல்லும்" என்றான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பூஞ்சை நின்றுவிடும். கடையும்போது வரும் தூசி நெஞ்சுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தொடமாட்டேன் என்கிறான். ஆசிரியராக நான் கேட்டு மகிழ்ந்தது இதைத்தான்.

கூடலூரைச் சுற்றி மரத்தின் வரலாறு என்றால் எல்லோரும் தேக்கையும் ஈட்டியையும்தான் பேசுவோம். நாடுகாணி இறங்கினால் நிலம்பூர். 1840களில் மலபார் கலெக்டர் கனோலியும் சாத்து மேனனும் போட்ட தேக்குத் தோட்டம் அங்கே இன்றும் நிற்கிறது. இந்தப் பக்கம் நம் மலையிலேயே, ஏழு கோத்தர் ஊர்களில் ஒன்றான கொக்கால் கூடலூரில்தான் இருக்கிறது. இரும்புவேலை, மரவேலை, மண்பாண்டம் எல்லாம் செய்து படுகர்களுக்கும் தோடர்களுக்கும் கொடுத்தவர்கள் அவர்கள். அலுமினியமும் எவர்சில்வரும் மலையேறியபின் நம் அடுப்படிகளில் மரப்பாத்திரம் ஒன்றோ இரண்டோதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. உறவுகளுக்குத் தெரியும். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் நாங்கள் மாத்தளைத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வந்து, கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர் டேன்டீ லயத்துக்கு வந்தபோது அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்த பலாமர மரவை. ரொட்டி மாவு பிசைவது அதில்தான். அது வட்டமாக இருக்காது. "கடைஞ்சவனுக்குக் கண்ணு சரியில்ல" என்று அப்பா கேலி செய்வார். அம்மா பதில் சொல்லமாட்டார், ஒருவரும் அதைத் தொடவும் விடமாட்டார்.

பொங்கலன்று அதை என் மாணவனிடம் காட்டினேன். அளவுநாடாவை எடுத்து அளந்தான். ரேகை ஓடும் திசையில் பத்தேகால் அங்குலம், குறுக்கே ஒன்பதே முக்கால். "கடைஞ்சவரு கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு சார். பச்சை மரத்துல முழு வட்டமாத்தான் கடைஞ்சிருக்காரு. காஞ்சப்புறம் குறுக்க சுருங்கியிருக்கு" என்றான். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, சொல்லி மாளாது. திரும்பவும் பொறியில் ஏற்றி வட்டமாக்கித் தர முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், சுவரு மெல்லிசாயிடும்" என்று என் மனைவியிடம் கொடுத்தான். அவள் அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு ரொட்டி போட மாவைக் கொட்டினாள்.

அவன் சாப்பிட்டு முடித்தபிறகு, ஏழாம் வகுப்பில் நிற்கவைத்ததைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "அதெல்லாம் ஞாபகம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டான். ஞாபகம் இல்லாதவன் மாமரத்தில் அதே கோட்டைக் கடைந்து எடுத்துவர மாட்டான். இந்தப் பதிவை அவனும் படிப்பான். பதில் மேலே இருக்கிறதப்பா, நீ உட்காரலாம்.