மட்டாஞ்சேரியில் வீசிய வில்லை

மட்டாஞ்சேரியின் பழைய கடைவீதியில் நடப்போரை முதலில் எதிர்கொள்வது மணமேயாகும். மிளகும் சுக்கும் ஏலமும் நிறைந்த கிடங்குகளின் நறுமணம் தெருமுனை வரை வந்து அழைக்கும். யூதர் தெருவையும், டச்சு அரண்மனை என்று வழங்கும் மாளிகையையும் காண வரும் பயணிகள் பலர். அங்கே மூட்டை சுமந்த தோள்களின் வரலாற்றைத் தேடி வருவோர் சிலரே. அவ்வரலாற்றில் ஓர் ஏட்டை இன்று புரட்டிப் பார்ப்போம்.

இந்த எண்ணம் எனக்கு எழக் காரணம் ஒரு பாடநூல். எங்கள் அண்டை வீட்டுத் தமிழ்ப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் மேலாண்மை பயில்கிறாள். மொழிபெயர்ப்பே என் பிழைப்பாதலின், ஒரு நாள் மாலை நூலுடன் வந்து, "மாமா, இந்தப் பாடத்தின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். 'நிறுவன நடத்தை இயல்' என்றேன். பலர் கூடித் தொழில் செய்யும் இடத்தில் மனிதர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதை ஆராயும் துறை அது. பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அவள் முகம் தெளியவில்லை. "எல்லாம் சிகாகோவிலேயே நடந்ததாக இருக்கிறது, மாமா. நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லையா?" என்றாள். அந்தக் கேள்விக்கு அன்று சொன்ன விடையைத்தான் இங்கே சற்று விரித்துரைக்க விழைகிறேன்.

சிகாகோ நகருக்கு அருகே ஹாதார்ன் என்னுமிடத்தில் ஒரு பெரிய தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை இருந்தது. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924-இல் அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினர். 1932 வரை தொடர்ந்த அச்சோதனைகளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து எல்டன் மேயோவும் ஈடுபட்டார். விளக்கைக் காட்டிலும், தம்மை ஒருவர் கவனிக்கின்றார் என்ற உணர்வும், உடன் உழைப்போரின் உறவுமே மனிதரை ஊக்குகின்றன என்ற கருத்து அங்கிருந்து பரவியது. பிற்காலத்து அறிஞர் அம்முடிவுகளைப் பலவாறு மறுத்துள்ளனர். ஆயினும் உழைப்பாளி இயந்திரத்தின் ஓர் உறுப்பல்லன் என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது அக்காலத்தில்தான்.

இனி நம் கொச்சிக்கு வருவோம். முன்னாளில் பெரிய கப்பல்கள் கொச்சிக் காயலுக்குள் நுழைய இயலாது. முகத்துவாரத்தில் கிடந்த மணல் திட்டு அவற்றைத் தடுத்தது. 1920-இல் இங்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியியலாளர் அத்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். அள்ளிய மண்ணைக் கொண்டு வெலிங்டன் தீவு உருவாயிற்று. 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் புதிய கால்வாய் வழியே உள்ளே வந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. அதனை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது.

கப்பல் பெருகப் பெருக வேலை தேடி வருவோரும் பெருகினர். ஆனால் துறைமுக வேலை ஆலை வேலை போன்றதன்று. இன்று நான்கு கப்பல் நிற்கும். நாளை ஒன்றும் இராது. ஆதலின் சரக்கேற்றும் ஒப்பந்தக்காரர்கள் எவரையும் நிலையாக வைத்துக்கொள்ளவில்லை. நாள்தோறும் காலையில் ஆட்கள் கூட வேண்டும். மூப்பன் என வழங்கிய கங்காணி, அன்றைய தேவைக்கு ஏற்ப உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை, ஏனையோர்க்குப் பட்டினி. இவ்வில்லைக்குச் 'சாப்பா' என்று பெயர். முத்திரை என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லின் வழிவந்தது அது. சொல்லின் பொருள் முத்திரை. ஆனால் அது பொறிக்கப்பட்டது உலோகத்தின்மீது மட்டுமா? விழுந்தும் புரண்டும், ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தும் அதைப் பற்றிய மனிதரின் வாழ்வின்மீதும் அன்றோ பொறிக்கப்பட்டது!

இக்காட்சியை வெளியிலிருந்து காண்பவன் என்ன நினைப்பான்? "துறைமுகத் தொழிலாளி முரடன், ஒருவரோடொருவர் ஒத்துப்போகத் தெரியாதவன்" என்றே நினைப்பான். உலகத்தின் பல துறைமுகங்களில் இந்தப் பழிச்சொல் வழங்கியதுண்டு. ஆனால் நிறுவன நடத்தை இயல் கேட்கும் முதற்கேள்வி வேறு. அம்மனிதனின் இயல்பு அதுவா, அல்லது அவனை நிறுத்தியிருக்கும் அமைப்பு அவனை அவ்வாறு ஆக்கியதா? நூறு பேர் நடுவே நாற்பது வில்லைகளை வீசினால், சான்றோரும் சண்டையிடத்தான் வேண்டும். சண்டையிட மறுத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது.

இதன் பொருளாதாரக் கணக்கை இங்கிலாந்தில் வில்லியம் பெவரிட்ஜ் 1909-இல் வேலையின்மை பற்றிய தம் நூலில் விளக்கினார். எடுத்துக்காட்டாக, ஒரு துறைமுகத்தில் பத்து வாயில்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு வாயிலிலும் அவசரத்துக்கென இருபது பேர் கூடுதலாகக் காத்து நின்றால், மொத்தம் இருநூறு பேர் வீணே நிற்பர். எல்லா வாயில்களுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் ஆள் எடுத்தாலோ, பத்து வாயில்களிலும் ஒரே நாளில் நெருக்கடி வருவது அரிதாதலின், மிகச் சிலரே போதும். ஆகவே கூட்டம் பெருகியதற்குக் காரணம் மக்கள் தொகை மட்டுமன்று. ஆள் எடுக்கும் முறையும் காரணமாகும். லண்டன் துறைமுகத் தொழிலாளர் 1889-இல் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில், மணிக்கு ஆறு பென்ஸ் கூலியோடு, எடுத்த ஆளுக்கு நான்கு மணி நேர வேலையேனும் தரவேண்டும் என்று கேட்டதும் இக்குறை பற்றியே.

1953-ஆம் ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. அந்த ஓராண்டில் மூன்று ஊர்களில் இக்கேள்வி மூன்று விதமாக எழுந்தது.

முதலாவது, நியூயார்க். அங்கே துறைமுகத் தொழிலாளர் காலையில் அரைவட்டமாக நிற்க, ஆள் எடுப்பவன் விரல் நீட்டித் தேர்ந்தெடுப்பான். அவ்வாறு தேர்ந்தோரில் பலர் தொழிற்சங்கத் தலைவர்களின் ஆட்களே. கூலியில் ஒரு பங்கை அவர்களுக்குக் கையூட்டாகக் கொடுத்தவனுக்கே வேலை கிடைத்தது. வில்லை எவர் கையில் இருக்கிறது என்பதை மாற்றினால் மட்டும் போதாது, வீசும் முறையையே மாற்ற வேண்டும் என்பதற்கு இது சான்று. 1953-இல் அங்கே ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, அரைவட்ட முறை ஒழிக்கப்பட்டது.

இரண்டாவது, நம் அகமதாபாத். லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அவ்வாண்டு காலிகோ ஆலைகளுக்கு வந்தார். தானியங்கித் தறிகள் 224 கொண்ட ஒரு கூடத்தில், தொழிலாளர் பல்வேறு சிறு வேலைகளாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் தொடர்பின்றி உழைத்துவந்தனர். புதிய இயந்திரம் வந்தும் பயன் கூடவில்லை. ஒரு தொகுதித் தறிகளுக்கு ஒரு குழு முழுப் பொறுப்பேற்கலாமே என்று ரைஸ் கருத்துரைத்தார். குழுக்களைத் தொழிலாளரே தம்முள் பேசி அமைத்துக்கொண்டனர். நாளடைவில் விளைச்சல் உயர்ந்தது; பழுது குறைந்தது. ரைஸ் 1958-இல் வெளியிட்ட நூலால் அகமதாபாத்தின் பெயர் உலகப் பல்கலைக்கழகங்களின் பாடங்களில் இடம்பெற்றது.

மூன்றாவது, மட்டாஞ்சேரி. இங்கே ஆராய்ச்சியாளர் எவரும் வழிகாட்டவில்லை, கருத்துரைத்தவர் தொழிலாளரே. சாப்பா முறைக்கு எதிரான போராட்டம் முற்றி, 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சைது, செய்தலவி, ஆன்றணி என்னும் மூவர் அப்போராட்டத்தில் உயிர் துறந்தனர். அகமதாபாத்தில் கலந்துரையாடலால் கிடைத்த செய்தியை மட்டாஞ்சேரி உயிர் கொடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. முன்னது பாடநூலில் ஏறிற்று. பின்னது நாடக மேடையிலும் திரையிலும் வாழ்கிறது. கே. எம். சிதம்பரம் 1968-இல் எழுதிய 'துறமுகம்' என்ற மலையாள நாடகத்தைத் தழுவி, ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023-இல் வெளிவந்தது.

மாற்று வழி அறியாமல் இவ்வளவும் நேர்ந்ததா எனின், அன்று. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்கு முறைச் சட்டம் 1948-லேயே நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தின் கீழ் அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூன்று தரப்பினரும் அமரும் வாரியம் அமையும். தொழிலாளர் பெயர் பதிவாகும். வேலை முறைவைத்து வழங்கப்படும். வந்து நின்றும் வேலை கிடையாத நாளுக்கு ஒரு சிறு படி உண்டு. பம்பாய் முந்திக்கொண்டது. கொச்சிக்கு இத்திட்டம் 1959-இல் வந்தது. சாப்பா முறை 1962-இல் மறைந்தது. சட்டம் பிறந்த நாளுக்கும் அது மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். அரசாங்கத் தாள்களை நாள்தோறும் மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் எனக்கு இக்கணக்கு சுடுகிறது. ஆணையைத் தமிழாக்கவும் மலையாளமாக்கவும் சில நாள் போதும். அதனை நடைமுறையாக்க எத்தனை ஆண்டு! அந்த இடைவெளியில்தான் மூவரின் உயிர் போயிற்று.

அந்த மாற்றத்தின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். தொழிலாளருக்கு நல்லொழுக்கம் போதிக்கவில்லை. வேறு ஆட்களைக் கொண்டுவரவும் இல்லை. வீசுவதற்குப் பதிலாக வரிசை வைத்தனர். பக்கத்தில் நிற்பவன் நேற்றுவரை போட்டியாளன். இன்று, "எனக்கு அடுத்த முறை அவனுக்கு" என்று எண்ணத்தக்க தோழன். அமைப்பு மாறினால் உறவு மாறும் என்பதே நிறுவன நடத்தை இயலின் சாரம்.

அப்பெண் பயிலும் பாடம் நம் நாட்டில் நிலைபெற்றதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-இல் தோன்றின. கொச்சியில் மேலாண்மைப் பள்ளி 1964-இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கப்பட்டு, பின்னர்க் கொச்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சாப்பா மறைந்து இரண்டே ஆண்டுகளில், காயலுக்கு இப்பால், மனிதர் கூடி உழைக்கும் முறையைக் கற்பிக்கும் வகுப்பறை திறந்தது என்பது நினைக்கத்தக்கது.

இன்று வல்லார்பாடத்தில் பெட்டகக் கப்பல்களின் சுமையைப் பாரந்தூக்கிகள் எடுக்கின்றன; மூட்டை சுமந்த தோள்கள் அங்கில்லை. ஆனால் சாப்பா அடியோடு மறைந்ததா? தமிழகத்திலிருந்து வந்து கொச்சியின் வாத்துருத்தி போன்ற இடங்களில் வாழும் நம்மவர் பலர், இன்றும் விடியற்காலையில் நாற்சந்தியில் நின்று, வண்டியில் வருபவன் யாரை அழைப்பான் என்று பார்த்திருக்கின்றனர். உணவுப் பொதி சுமக்கும் இளைஞன் கைப்பேசித் திரையில் அடுத்த அழைப்பு விழுமா என்று நோக்கியிருக்கிறான். வில்லை கண்ணுக்குத் தெரியாததாயிற்று. வீசும் கையும் தெரியவில்லை. காத்திருத்தல் மட்டும் மாறவில்லை.

எல்லாவற்றையும் கேட்ட அப்பெண் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "ஆய்வுக் கட்டுரைக்கு நாற்சந்தியையே எடுத்துக்கொள்கிறேன், மாமா. அங்கே நிற்பவர்களிடம் தமிழில் பேச என்னால் முடியுமே" என்றாள். பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இருமொழி அறிவு ஒரு சுமை என்று எண்ணுவோர் உண்டு. அது ஒரு திறவுகோல் என்று எனக்கு அன்று தோன்றிற்று. பல்கலைக்கழகத்தில் கற்ற கேள்வியைத் தெருவில் நிற்பவன் மொழியில் கேட்கத் தெரிந்தவர் பெருகினால், அடுத்த மாற்றத்துக்குப் பதினொரு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.